பாடம் 9 – பெரிய இன்ஜினும் சிறிய வண்டியும்

நுழையும்முன்

கணினித் திரையிலோ தொலைக்காட்சியோடு இணைத்த விளையாட்டுக் கருவியிலோ கார்ப் பந்தயம் ஆடாத மாணவர் இன்று அரியர். அந்தப் பந்தயத்தில் வண்டியை ஓட்டுவது ஒரு பாதி. ஓட்டுவதற்கு முன் பட்டறையில் அதனைத் திருத்துவது மறுபாதி. ஒரு வண்டியின் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறோர் இன்ஜினைப் பொருத்தினால் என்னென்ன நேரும் என்பதை இப்பாடம் கூறுகிறது. படிக்கும்பொழுது கையில் பென்சிலும் தாளும் இருக்கட்டும், கணக்கு வரும்.

பாடம்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஜபல்பூரில் உள்ள என் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அக்காள் மகன் எட்டாம் வகுப்பு மாணவன். நான் போய் இறங்கிய சனிக்கிழமை மாலையில் அவன் முகம் வாடியிருந்தது. சாப்பிடவும் வரவில்லை. "அவனுடைய பொம்மைக் காரில் ஏதோ பழுதாம். நீயே கேள், தம்பி" என்றாள் அக்காள்.

அது பொம்மைக் கார் அன்று. 'ஃபோர்ட்ஸா ஹொரைசன் 5' என்னும் காணொளி விளையாட்டில் அவன் வைத்திருக்கும் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் சிறிய கார். இங்கிலாந்தைச் சேர்ந்த பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு 2021 நவம்பரில் வெளிவந்தது. இவ்வரிசையின் முதல் விளையாட்டு 2012இல் அமெரிக்காவின் கொலராடோவைக் களமாகக் கொண்டு வந்தது. ஐந்தாவதன் களம் மெக்சிகோ நாடு. பாலைவனம், காடு, எரிமலைச் சரிவு, குவானஹுவாத்தோ நகரின் குறுகிய கல் பாவிய தெருக்கள் என எல்லாவற்றின் ஊடும் வண்டி ஓட்டலாம்.

அவனுடைய வருத்தத்திற்குக் காரணம் வேறு. அவனோடு மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்த நண்பனின் தந்தைக்கு ஷில்லாங்கிற்கு மாற்றல் வந்திருந்தது. திங்கட்கிழமை லாரியில் சாமான்கள் ஏறிவிடும். நண்பர் இருவரும் ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு பந்தயம் ஓட்டிப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தனர். நம் பள்ளிகளில் படிக்கும் உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் இரண்டு மூன்று இருக்கைகள் காலியாவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை காலி செய்தவரே நீங்களாக இருக்கலாம்.

"மாமா, மூன்று வாரம் சேர்த்த கிரெடிட் எல்லாம் போய்விட்டது. எட்டு சிலிண்டர் இன்ஜின் போட்டேன். இன்று ஒத்திகை ஓட்டினோம். 11 விநாடி பின்தங்கித் தோற்றேன்" என்றான். "பெரிய இன்ஜின் போட்டால் வேகம் கூடத்தானே வேண்டும்?"

எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஆனால் இளமையில் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். ஆகவே, "மருமகனே, இன்ஜினை அப்புறம் பார்ப்போம். முதலில் கணக்கு நோட்டை எடுத்து வா" என்றேன். அன்று நாங்கள் எழுதிய கணக்கையே கீழே தருகிறேன். உங்களுக்கு எளிதாக இருக்கும்பொருட்டு எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதலில் விளையாட்டின் விதியைத் தெரிந்துகொள்வோம். இவ்விளையாட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு திறன் எண் உண்டு. அதன் ஆற்றல், எடை, டயரின் பிடிப்பு, பிரேக் ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டு விளையாட்டே அந்த எண்ணைத் தரும். 500 வரை இருந்தால் 'டி' பிரிவு. 600 வரை 'சி'. 700 வரை 'பி'. 800 வரை 'ஏ'. அதற்கு மேலும் பிரிவுகள் உள்ளன. நண்பர் இருவரும் 'பி' பிரிவில் ஓட்டுவதென உடன்பட்டிருந்தனர். எனவே இருவர் வண்டியும் 700ஐத் தாண்டக் கூடாது. பணம் எவ்வளவு இருந்தாலும் இந்த எல்லை எல்லையே.

இனி மருமகனின் வண்டி. பழைய இன்ஜினையே வைத்துக்கொண்டு அதற்கு வேண்டிய பாகங்களைச் சிறிது சிறிதாக 24,000 கிரெடிட்டுக்கு வாங்கிப் பொருத்தியிருந்தான். நல்ல டயர் போட்டிருந்தான். தேவையற்ற எடையையும் குறைத்திருந்தான். அப்போது வண்டியின் ஆற்றல் 190 குதிரைத்திறன்; எடை 950 கிலோ; திறன் எண் 655. கையிருப்பு 62,000 கிரெடிட்.

அந்த 62,000 எப்படி வந்தது? அவனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரந்தான் ஆட அனுமதி. எளிய நிலையில் ஆடுபவனுக்குப் பரிசுத்தொகையும் குறைவு. எதிராளிகளைக் கடினமாக்கினால்தான் கூடுதல் பரிசு கிடைக்கும். அவனுக்கு மணிக்கு ஏறத்தாழ 20,000 வந்தது. ஆக, அது மூன்று வாரச் சேமிப்பு.

எட்டு சிலிண்டர் இன்ஜினின் விலை 40,000. அதாவது இரண்டு மணி நேர ஆட்டம். அவன் காலண்டரில் இரண்டு சனிக்கிழமைகள். ஆனால் செலவு அங்கே நிற்கவில்லை. பழைய இன்ஜினுக்காக வாங்கிய 24,000 கிரெடிட் பாகங்கள் புதிய இன்ஜினில் பொருந்தா. அவை அந்த இன்ஜினுக்கே உரியவை. புதியதற்கு மறுபடியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். கூடுதல் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லக் கியர், கிளட்ச் முதலியவற்றிற்கு இன்னொரு 11,000 கொடுத்தான். மிஞ்சியது 11,000.

"இது வரை சரி. நீ ஏமாறவில்லை. வாங்கிய பொருள் கையில் இருக்கிறது. பிறகு ஏன் தோற்றாய்?"

"திறன் எண் 742 ஆகிவிட்டது, மாமா. 'ஏ' பிரிவுக்குப் போய்விட்டது."

"அப்புறம்?"

"நல்ல டயரைக் கழற்றிப் பழைய டயரைப் போட்டேன். குறைத்த எடையையும் திரும்ப ஏற்றினேன். 699க்கு வந்துவிட்டது."

அவன் சொன்ன இந்த ஒரு வரியில்தான் முழு விலையும் இருக்கிறது. அதனை அவன் கிரெடிட்டில் செலுத்தவில்லை. எல்லைக்குள் கிடைத்த புள்ளிகளில் செலுத்தினான். 700 புள்ளி என்பது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போன்றது. வாடகைக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அரிசிக்கு எங்கே போவது?

நோட்டில் கணக்கைத் தொடர்ந்தோம். பழைய நிலையில் 190 குதிரைத்திறனை 950 கிலோவால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 0.20. புதிய நிலையில் ஆற்றல் 430; எடை 1,100 கிலோ. வகுத்தால் 0.39. ஏறத்தாழ இரு மடங்கு. நேரான சாலையில் இவ்வண்டியை யாரும் பிடிக்க முடியாதுதான். மருமகனும் அதை ஒப்புக்கொண்டான்: "நேர்ச்சாலையில் அவனை ஊதித் தள்ளிவிட்டேன், மாமா."

ஆனால் நேர்ச்சாலைக்கு ஒரு முடிவு உண்டு. அங்கே திருப்பம் இருக்கும். முன்பு அந்த இடத்தை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அடைந்தவன் இப்போது 180இல் அடைகிறான். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். எடை மாறாமல் இருந்தாலே பிரேக்கின் வேலை 1.65 மடங்கு ஆகும். இங்கே எடையும் கூடியிருக்கிறது. டயரோ பழைய டயர். ஆகவே முன்பைவிட மிக முன்னதாகவே பிரேக்கை அழுத்த வேண்டும். பழைய பழக்கத்தில் அழுத்தினால் வண்டி நேரே மதிலில் போய் முட்டும். "அப்படித்தான் இரண்டு முறை முட்டினேன்" என்றான்.

அடுத்தது, எடை எங்கே கூடியது என்பது. எம்.எக்ஸ்-5 காரின் இன்ஜின் முன்புறத்தில் இருக்கிறது; அதன் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. முன்பக்கம் கனம் கூடினால், ஸ்டியரிங்கை வளைத்தாலும் வண்டி வளையத் தயங்கி வெளிப்புறமாக நழுவும். சரி, திரும்பிவிட்டது என்று ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்கள் தரையைப் பற்றாமல் வெறுமனே சுழன்று புகையைக் கிளப்பும். 430 குதிரைத்திறனும் சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவான இடங்களில்தான். அந்த இடத்தில் பிடிப்பு இல்லையென்றால் ஆற்றல் அனைத்தும் புகையாகவே போகும். குவானஹுவாத்தோவின் தெருக்களில் நேர்ச்சாலை குறைவு, திருப்பமே மிகுதி. ஒவ்வொரு திருப்பத்திலும் அரை விநாடி, ஒரு விநாடி என்று இழந்து மூன்று சுற்றின் முடிவில் 11 விநாடி ஆயிற்று.

இன்ஜின் மாற்றுவதே தவறு என்று நான் கூறுவதாக எண்ண வேண்டா. நீண்ட நெடுஞ்சாலைப் பந்தயமாக இருந்திருந்தால் மருமகனின் முடிவு சரியாகவே இருந்திருக்கும். 'ஏ' பிரிவில் 800 வரை இடம் இருந்திருந்தால் பெரிய இன்ஜினோடு நல்ல டயரையும் வைத்துக்கொண்டிருக்கலாம். களம் எது, எல்லை எது என்று பார்க்காமல் இன்ஜினை மட்டும் பார்த்தான், அவ்வளவே.

உண்மை உலகிலும் இதைச் செய்பவர் உண்டு. எம்.எக்ஸ்-5 கார் 1989இல் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினுடன் அறிமுகமானது. அதில் அமெரிக்கப் பெரிய இன்ஜின்களைப் பொருத்துவது அங்குள்ள ஆர்வலர்களிடையே நெடுநாள் வழக்கம். குறிப்பாக, 1997இல் கார்வெட் காரில் வந்த 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜினையும் அதன் வழிவந்தவற்றையும் அவர்கள் விரும்புகின்றனர். அந்த முதல் இன்ஜினின் ஆற்றல் 345 குதிரைத்திறன். அதன் உடற்பகுதி வார்ப்பிரும்பாக இல்லாமல் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு எடை குறைவு. விருப்பத்திற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் இவ்வேலை, பட்டறையில் மாதக்கணக்கில் நீளும். இன்ஜினைத் தாங்கும் தாங்கிகளைப் புதிதாகச் செய்து வெல்டிங் வைக்க வேண்டும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். இல்லையென்றால் சூடேறி நின்றுவிடும். கிளட்ச், கியர்பெட்டி, அதிலிருந்து பின்சக்கரத்திற்குச் செல்லும் தண்டு, அச்சு எல்லாம் புதிய ஆற்றலைத் தாங்க வேண்டும். மின்கம்பிகளும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் ஒன்றோடொன்று பேச வேண்டும். நாமக்கல்லில் எங்கள் முதலாளி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வார்: "இன்ஜின் விலையைச் சொல்லாதே, இன்ஜின் கேட்கிற விலையைச் சொல்." லாரிக்காரர்களில் பாதிப்பேர் அதைக் கேட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பாதி கடன் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. வண்டியின் பதிவுச் சான்றில், அதாவது நாம் ஆர்.சி. என்று சொல்லும் சான்றில், இன்ஜின் எண் பதியப்பட்டிருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. திரையில் ஆடும் மருமகனுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் இல்லை, அது அவனுடைய நல்வாய்ப்பு.

இன்னொரு செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபோர்ட்ஸா ஹொரைசன் 5இல் கிரெடிட்டை உண்மைப் பணம் கொடுத்து வாங்க வழியில்லை; ஓட்டித்தான் சேர்க்க வேண்டும். எல்லா விளையாட்டுகளும் அப்படியல்ல. ஜப்பானியரான கசுனோரி யமவுச்சி தலைமையில் உருவான 'கிரான் டூரிஸ்மோ 7' 2022 மார்ச் 4 அன்று வெளிவந்தது. அதில் 20 இலட்சம் கிரெடிட் 19.99 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. ஆட்டத்தின் மிக உயர்ந்த கார்களோ கோடிக்கணக்கான கிரெடிட் கேட்பவை. அதே மாதம் ஒரு புதுப்பிப்பில் பல பந்தயங்களின் பரிசுத்தொகை குறைக்கப்பட்டது. உழைத்துச் சேர்ப்பதைக் கடினமாக்கிப் பணம் கொடுத்து வாங்கத் தூண்டுகிறார்கள் என்று உலகெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். போதாக்குறைக்கு 30 மணி நேரத்திற்கும் மேல் விளையாட்டின் சேவை முடங்கியது. யமவுச்சி மன்னிப்புக் கேட்டார். ஆட்டக்காரர்களுக்கு 10 இலட்சம் கிரெடிட் ஈடாகத் தரப்பட்டது. ஏப்ரலில் பரிசுத்தொகைகளும் உயர்த்தப்பட்டன. அவ்விளையாட்டில் மாற்று இன்ஜின்கள் தொடக்கத்தில் பரிசுச் சீட்டின் வழியாகவே கிடைத்தன. எது விழும் என்பது நம் கையில் இல்லை. பின்னரே, சேகரிப்பாளர் நிலை 50ஐ எட்டியவர் அவற்றைக் கிரெடிட் கொடுத்து வாங்கலாம் என்று மாற்றினர்.

கதைக்குத் திரும்புவோம். இரவு ஒன்பது மணி. ஞாயிறன்று அவனுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி. அந்த நேரத்தில் பந்தயமும் ஓட்ட வேண்டும். ஆகவே புதிதாகக் கிரெடிட் சேர்க்க முடியாது. கையில் இருப்பது 11,000.

"வாங்கிய இன்ஜினை விற்க முடியுமா?"

"முடியாது, மாமா. பாகங்களை விற்க வழியில்லை."

"பழைய இன்ஜின் எங்கே? குப்பையில் போட்டுவிட்டாயா?"

அவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். பிறகு துள்ளி எழுந்தான். அவ்விளையாட்டில் ஒரு வண்டிக்காக ஒருமுறை வாங்கிய பாகங்கள் அந்த வண்டிக்கே சொந்தம், கழற்றினாலும் போய்விடா. பழைய இன்ஜினை மீண்டும் பொருத்தக் காசு வேண்டா. 24,000 கிரெடிட் பாகங்களும் அப்படியே இருந்தன. அவற்றையும் நல்ல டயரையும் திரும்பப் பூட்டினான். எடையையும் மறுபடி குறைத்தான். பழையபடி 655. எல்லைக்கு இன்னும் 45 புள்ளி இடம் இருந்தது.

7,000 கொடுத்து இன்னும் பிடிப்பு மிகுந்த டயர் வாங்கினான். மீதி 4,000க்குத் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் காக்கும் தண்டுகளை வாங்கினான். திறன் எண் 694 ஆயிற்று. கையிருப்பு சுழி. எட்டு சிலிண்டர் இன்ஜின் கிடங்கில் உறங்கியது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பந்தயம். இருவர் காதிலும் ஒலிவாங்கி. இந்தியில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே ஓட்டினர். நண்பன் வீட்டில் அட்டைப்பெட்டிகளை ஒட்டும் நாடாவின் ஓசை இங்கே வரை கேட்டது. மருமகன் இரண்டு சுற்று முன்னிலையில் இருந்தான். மூன்றாம் சுற்றின் கடைசி நேர்ச்சாலையில் நண்பனின் வண்டி மெல்ல மெல்ல அருகே வந்து, கோட்டுக்குச் சற்று முன் தாண்டியது. வேறுபாடு 0.4 விநாடி.

"எட்டு சிலிண்டர் இருந்திருந்தால் அந்த இடத்தில் விட்டிருக்க மாட்டேன்" என்றான் மருமகன்.

"அந்த இடத்திற்கு வந்தே சேர்ந்திருக்க மாட்டாய்" என்று நண்பன் சிரித்தான்.

இன்னொரு முறை ஓட்டலாம் என்று இருவரும் கேட்டனர். மணி பார்த்த அக்காள், "அரை மணி கூட ஓட்டட்டும், தம்பி. இன்று ஒரு நாள்தானே" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

சொல்லறிவோம்

இன்ஜின் என்பதனைத் தமிழில் இயந்திரம் என்றும் பொறி என்றும் வழங்குவர். பொறி என்னும் சொல்லிலிருந்தே பொறியியல், பொறியாளர் ஆகியன பிறந்தன. ஆனால் பொறி என்பது பல பொருள் ஒரு சொல். அடுப்பில் தெறிப்பது தீப்பொறி. எலியைப் பிடிப்பது எலிப்பொறி. கண், காது முதலியன ஐம்பொறி. இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும். பொரி என்று இடையின ரகரத்தில் எழுதினால் அது நெல்லிலிருந்து செய்யும் தின்பண்டம்.

குதிரைத்திறன் – இன்ஜினின் ஆற்றலை அளக்கும் அலகு
இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது
கையிருப்பு – செலவு போகக் கையில் எஞ்சியது
ஒத்திகை – முன்கூட்டிச் செய்து பார்ப்பது
சுழி – பூச்சியம்

பயிற்சி

1. மருமகன் இன்ஜினை மாற்றியபின் வண்டியின் திறன் எண்ணை 742இலிருந்து 699க்கு எவ்வாறு குறைத்தான்? அதனால் திருப்பங்களில் என்ன நேர்ந்தது?

2. 62,000 கிரெடிட் எவ்வெவ்வாறு செலவாயிற்று என்பதைச் சனி, ஞாயிறு என இரு பத்தியாக எழுதிக் கணக்கைச் சரிபார்க்க.

3. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 150க்கு உயர்ந்தால் அதன் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்?

4. "இன்ஜின் விலையைச் சொல்லாதே, இன்ஜின் கேட்கிற விலையைச் சொல்." பட்டறை முதலாளி கூறியதன் பொருள் யாது? உங்கள் வீட்டில் வாங்கிய ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.

5. பொறி என்னும் சொல்லை மூன்று வேறு பொருளில் அமைத்து மூன்று தொடர் எழுதுக.

6. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் தமிழில் பேசி, அவ்வண்டிக்கு இதுவரை மாற்றிய பாகங்கள் எவை, ஏன் மாற்றினார் என்று கேட்டு அரைப்பக்கம் எழுதுக. அவர் பட்டறைச் சொற்களைச் சொன்னவாறே எழுதலாம்.

7. வேற்றூருக்கு மாற்றலாகிப் போன நண்பருக்கோ தோழிக்கோ, அவர் போனபின் உங்கள் தெருவில் நடந்தவற்றைக் கூறி ஒரு கடிதம் எழுதுக.